நின்றுபோன கடிகாரமும் எடுக்கப்படாத போனும்

கூடத்துச் சுவரில் மாட்டிய கடிகாரம் நாலு இருபதில் நின்று எட்டு மாதமாகிவிட்டது. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது அத்தை கொடுத்தது அது. கடிகாரம் நின்ற நாளிலிருந்து "இந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அத்தையிடம் பேசியும் ஏறக்குறைய அத்தனை நாள்தான். கடைசி இரண்டு மூன்று முறை போன் அடித்து ஓய்ந்தது, அவர் எடுக்கவில்லை. ஒருமுறை எடுத்தபோது "சரிம்மா, சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஏதோ மனக்குறை போலிருக்கிறது என்று நினைத்து நானும் ஒதுங்கிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை இரவு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மகளோடு உட்கார்ந்தேன். தள்ளிப்போட்ட வேலைகளையெல்லாம் அவள் கேட்கக் கேட்க நான் சொன்னேன், அவள் எழுதினாள். மொத்தம் 19 வந்தது. வழக்கமாக இந்த இடத்தில் எது அவசரம் என்று வரிசைப்படுத்துவேன். இந்த முறை ஒவ்வொன்றுக்கும் எதிரே "எதனால் நிற்கிறது?" என்று ஒரு கட்டம் போட்டோம். அதை நிரப்பிய பிறகுதான் விஷயம் துலங்கியது. 11 வேலைகள் ஒரு சின்னப் பொருள் இல்லாமல் நின்றன: ஒரு வாஷர், ஒரு திருகு, ஒரு டியூப் பசை, சரியான பல்பு. நாலு வேலைகளுக்கு ஏதோ ஒரு தாளோ எண்ணோ தேவைப்பட்டது. மீதி நாலும் வெறும் போன் பேச்சுகள். அந்த நாலுக்கும் எதிரே எழுத என்னிடம் எதுவும் இல்லை. "அத்தை" என்று எழுதிய வரியின் கட்டத்தை மகள் காலியாகவே விட்டாள்.

சனிக்கிழமை காலை ஒரு முடிவோடு எழுந்தேன். கடைக்குப் போவதற்கு முன்பே எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிடுவது. முன்பெல்லாம் கடைக்குப் போய் நின்று யோசிப்பேன், குத்துமதிப்பாக ஒன்றை வாங்கி வருவேன், அது பொருந்தாது, வேலை மறுபடி பட்டியலுக்கே திரும்பும். குளியலறைக்காக அப்படித்தான் ஒரு பல்பு வாங்கி, அது ஒரு வருடமாக மேசை இழுப்பறையில் கிடக்கிறது. எங்கள் ஹோல்டர் பின் வைத்து மாட்டும் பி22 வகை, வாங்கியது திருகி மாட்டும் இ27. கழற்றிய பல்பின் அடிப்பகுதியை ஒரு படம் எடுத்துப் போயிருந்தால் போதும்.

முதலில் கடிகாரம். பின்பக்கத்தைத் திருப்பியதுமே காரணம் தெரிந்தது. செல்லின் அடியிலிருந்து வெள்ளையாகப் பூத்துப்போய், ஸ்பிரிங் முழுக்கப் பொரிந்து கிடந்தது. "உப்பாம்மா?" என்றாள் மகள். ஒரு வகையில் உப்புதான். ஆல்கலைன் செல்லுக்குள் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரக் கரைசல் இருக்கிறது. தீர்ந்துபோன செல்லை அப்படியே விட்டுவைத்தால் உள்ளே வாயு சேர்ந்து அழுத்தம் ஏறி, இந்தக் காரம் கசியும். வெளியே வந்ததும் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டாகப் படிகிறது. அந்த வெள்ளைப் பொடி அதுதான். தோலிலோ கண்ணிலோ பட்டால் எரியும். அதனால் இருவரும் கையுறை போட்டுக்கொண்டோம், கண்ணுக்கு என்னுடைய பழைய கண்ணாடியை அவளுக்கு மாட்டினேன்.

காரத்தை எடுக்க லேசான அமிலம் வேண்டும். வினிகர் போதும், எலுமிச்சைச் சாறும் ஆகும். காது குடையும் பஞ்சுக் குச்சியை வினிகரில் நனைத்துப் பிழிந்து, பொரிந்த இடத்தில் வைத்தாள். நுரை நுரையாகப் பொங்கியது. நுரைப்பது நிற்கும்வரை ஏழெட்டுக் குச்சிகள் மாற்றினோம். ஊற்றிவிடக்கூடாது, பக்கத்திலேயே சர்க்யூட் இருக்கிறது. பிறகு தண்ணீர் தொட்ட குச்சியால் ஒருமுறை, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட குச்சியால் ஒருமுறை. ஸ்பிரிங்கில் பச்சையாக இருந்த களிம்பை நைசான உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தோம். ஒரு மணி நேரம் காயவிட்டுப் புது செல்லைப் போட்டோம்.

ஓடவில்லை. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். செல்லில் 1.5 வோல்ட் சரியாகக் காட்டியது. உள்ளே போகும் தகட்டில் ஒன்றுமில்லை. மூடியைப் பிரித்தபோது அந்தத் தகடு சர்க்யூட்டில் சேரும் முனை அரித்து விட்டுப்போயிருந்தது. கடிகாரம் நின்ற அன்றைக்கே செல்லை மட்டும் கழற்றி வைத்திருந்தால், இந்த மெஷின் பிழைத்திருக்கும். ஒரு நிமிட வேலை. அதை நினைக்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

சரி, மெஷினை மாற்றிவிடலாம். சுவர்க் கடிகாரங்களில் இருக்கும் குவார்ட்ஸ் மெஷின் பெரும்பாலும் 56 மில்லிமீட்டர் சதுரம்தான். அதனால் பெட்டி பொருந்துமா என்று கவலைப்பட வேண்டியதில்லை. அளக்க வேண்டியது வேறு. டயலின் தடிமன் எவ்வளவு, அதைத் தாண்டி நட்டு மாட்டுமளவுக்கு நடுத்தண்டின் மரை வெளியே வருமா என்பதுதான் முக்கியம். எங்கள் டயல் 3 மில்லிமீட்டர் வந்தது, அதை எழுதிக்கொண்டேன். முள்களின் துளையும் மெஷினுக்கு மெஷின் மாறும். எனவே பழைய மெஷினையும் மூன்று முள்களையும் ஒரு கவரில் போட்டு, மேலே "கடிகாரம்" என்று மகள் எழுதினாள்.

அடுத்து குழாய். சொட்டுச் சொட்டாகத்தானே போகிறது என்று விட்டுவைத்த குழாய். முந்தைய இரவு அதன் அடியில் ஒரு லிட்டர் பாட்டிலை வைத்திருந்தேன், ஏழு மணி நேரத்தில் நிறைந்துவிட்டது. மகள் கணக்குப் போட்டாள்: ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட மூன்றரை லிட்டர், ஒரு வருடத்துக்குச் சுமார் 1,250 லிட்டர். வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்து, தொட்டியின் ஓட்டையில் ஒரு துணியை அடைத்துவிட்டுக் கழற்றினேன். துணி அடைப்பதை மறக்கக்கூடாது, விழுந்த திருகு போனது போனதுதான். உள்ளே ரப்பர் வாஷரில் நடுவே ஒரு வளையம் போல் பள்ளம் விழுந்து, கல்லாக இறுகியிருந்தது. வாஷர் உட்காரும் இடத்தை விரல்நுனியால் தடவிப் பார்த்தேன். அது வழவழப்பாக இருந்ததால் வாஷர் மட்டும் மாற்றினால் போதும். சொரசொரப்பாக இருந்தால் எத்தனை வாஷர் மாற்றினாலும் சொட்டும். பழைய வாஷர் இன்னொரு கவருக்குள் போனது.

மற்றவை சீக்கிரம் முடிந்தன. வாய் பிளந்த ஷூ, காது கழன்ற மூக்குக்கண்ணாடி, பித்தான் விட்டுப்போன சட்டை, எரியாத பல்பு. எல்லாவற்றுக்கும் ஒரு மாதிரியோ, ஓர் அளவோ, ஒரு படமோ சேர்ந்தது.

கிளம்புமுன் அத்தைக்குப் போன் செய்தேன். அடித்து ஓய்ந்தது. ஒதுங்கிவிடாமல் இந்த முறை அத்தானின் மனைவிக்கு அடித்தேன்.

"அவங்களுக்கு இப்பல்லாம் போன்ல பேசப் பிடிக்கலம்மா" என்றார் அக்கா. "காது மெஷின் போட்டாலும் கேக்கலைங்கறாங்க. நானும் வாராவாரம் பேட்டரி மாத்தித்தான் பாக்கறேன். டிவியையும் நிறுத்திட்டாங்க. ரூம்ல சும்மா உக்காந்திருக்காங்க."

எனக்குச் சட்டென்று நெஞ்சை என்னவோ செய்தது. என் மாமனாரின் காது மெஷினை நாலு வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். "அக்கா, அந்தப் பேட்டரி மேல ஒட்டியிருந்த ஸ்டிக்கர் என்ன கலர்?" என்று கேட்டேன்.

"ஆரஞ்சு. ஒவ்வொரு தடவையும் உரிக்க அவங்க விரலுக்குக் கஷ்டமா இருக்கேன்னு, வாங்கின அன்னிக்கே எல்லாத்தையும் உரிச்சு டப்பால போட்டு வச்சுட்டேன்."

பிரச்சினை அதுதான். அக்கா பாசத்தோடு செய்த காரியம். அந்த ஸ்டிக்கர் வெறும் பெயர்ச்சீட்டு என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

காது மெஷினுக்குப் போடுவது துத்தநாகக் காற்றுச் செல். உள்ளே துத்தநாகம் இருக்கிறது, அது வேலை செய்யத் தேவையான ஆக்சிஜன் வெளிக்காற்றிலிருந்து வரவேண்டும். செல்லின் மேல் மிகச் சிறிய துளைகள் இருக்கும், அவற்றை மூடத்தான் அந்த ஸ்டிக்கர். உரித்த நிமிடமே செல் விழித்துக்கொள்கிறது. மெஷினில் போட்டாலும் போடாவிட்டாலும் தீர்ந்துகொண்டே போகும். திரும்ப ஒட்டினாலும் பழையபடி ஆகாது. ஆறு செல்களையும் ஒரே நாளில் உரித்தால், முதல் செல் ஒழுங்காக ஓடும், அடுத்தது சுமாராக ஓடும், அதற்குப் பிறகு வருவதெல்லாம் புதிது என்ற பெயரில் செத்த செல்கள்தான்.

ஸ்டிக்கரின் நிறம்தான் அளவு. மஞ்சள் என்றால் 10, பழுப்பு என்றால் 312, ஆரஞ்சு என்றால் 13, நீலம் என்றால் 675. எந்த நிறுவனம் செய்தாலும் இந்த நிறங்கள் மாறுவதில்லை. மகளிடம் நோட்டை வாங்கி, அத்தையின் வரிக்கு எதிரே காலியாக இருந்த கட்டத்தில் "13, ஆரஞ்சு" என்று எழுதினேன்.

கடை வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் அதன் அழகு. கவரைத் திறந்து காட்டினேன், கடைக்காரர் பக்கத்தில் வைத்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். கையில் வைத்துப் பொருத்திப் பார்க்க வேண்டிய பொருளை நேரில் போய் வாங்குவதுதான் நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பல்பு வாங்கும்போது வாட்டைப் பார்க்காமல் அட்டையில் லூமென் எவ்வளவு என்று பார்த்தேன். பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் வேண்டுமென்றால் 800 லூமென் அளவில் எடுக்கலாம். காதுச் செல் வாங்கும்போது அட்டையில் தேதி பார்த்து ஒரே ஒரு அட்டை வாங்கினேன்.

மாலையில் குழாய் பத்து நிமிடத்தில் முடிந்தது. மரையில் டெஃப்லான் டேப் சுற்றும்போது மரையின் முனை நம்மைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் முறுக்கும்போது டேப் உரிந்து வந்துவிடும். இன்னொன்று, தலைப்பகுதியைத் திரும்ப மாட்டும்போது குழாயைப் பாதி திறந்த நிலையில் வைத்துக்கொண்டு முறுக்கினால் புது வாஷர் நசுங்காது. ஷூவுக்குப் பசை தடவுமுன் பழைய பசையைச் சுரண்டி, இரண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டேன். இந்தப் பசையை இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகுதான் சேர்த்து அழுத்த வேண்டும். பதினைந்து நிமிடம் பொறுமையாகக் காத்திருந்தால் பிடிப்பே வேறு. மேலே கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு நாள் விட்டுவிட்டேன். மூக்குக்கண்ணாடியின் புதுத் திருகில், முறுக்கி முடித்த பிறகு ஒரு துளி நகப்பூச்சு வைத்தேன், மறுபடி கழலாது.

கடிகாரத்துக்கு மட்டும் நேரம் எடுத்தது. புது மெஷினைப் பொருத்தி, நடுவில் நட்டை முறுக்கிவிட்டு, பின்னாலிருக்கும் குமிழைத் திருகி பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தோம். சின்ன முள்ளை நேராகப் பன்னிரண்டைப் பார்த்து அழுத்தினோம். அதன் மேல் பெரிய முள்ளையும் பன்னிரண்டிலேயே வைத்து, அதன் குட்டி நட்டை விரலால் மட்டும் இறுக்கினோம். கடைசியாக நொடி முள். இப்படி மூன்றையும் பன்னிரண்டில் சேர்த்து மாட்டினால்தான் மணி மாறும்போது சின்ன முள் சரியாக எண்ணின் மேல் நிற்கும். செல் போட்டோம், டிக் என்றது. மகள் கைதட்டினாள். மூன்றேகாலில் நின்றுவிட்டது.

மறுபடி பிரித்து, கண்ணுக்கு நேரே பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தபோது தெரிந்தது: பெரிய முள் சற்றே வளைந்து, சின்ன முள்ளைக் கடக்கும் இடத்தில் உரசுகிறது. நுனியைத் தொடாமல், நடுப்பகுதியை ஒரு மில்லிமீட்டர் போல் மேலே தூக்கிவிட்டேன். பிறகு கண்ணாடியை மாட்டுவதற்கு முன், குமிழால் பன்னிரண்டு மணி நேரத்தையும் முழுதாக ஒரு சுற்று சுற்றிப் பார்த்தோம். எங்கும் உரசவில்லை. இந்தச் சுற்றை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

காதருகே வைத்துக் கேட்டுக்கொண்டே மகள் கேட்டாள், "ஒரு நொடின்னு இதுக்கு எப்படித் தெரியும்?" உள்ளே ஒரு குட்டிக் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதைப் பாதி, பாதியில் பாதி என்று பதினைந்து முறை வகுத்தால் சரியாக ஒன்று வரும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவளே வகுத்துப் பார்த்தாள். பதினைந்தாவது வரியில் 1 வந்ததும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பிடித்து அத்தை வீட்டுக்குப் போனோம். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார், ஆனால் நான் பேசியது எதற்கும் பதில் வரவில்லை. உதட்டைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். போனில் கேட்ட "சரிம்மா" எல்லாம் இதுதான் என்று அப்போதுதான் புரிந்தது.

மெஷினை வாங்கி மடியில் துணி விரித்து வைத்துக்கொண்டேன். காதுக்குப் பின்னால் மாட்டும் வகை. மைக் துளைகளில் தூசி அடைந்திருந்தது, மென்மையான காய்ந்த பிரஷால், துளை கீழே பார்க்கும்படி பிடித்துத் தட்டினேன். காதுக்குள் போகும் அச்சைக் குழாயோடு கழற்றி, இளஞ்சூடான சோப்புத் தண்ணீரில் கழுவினேன். மெஷினில் தண்ணீர் படவே கூடாது, கழற்றிய அச்சை மட்டும்தான் கழுவலாம். குழாய்க்குள் நின்ற ஈரத்தை ரப்பர் பந்தால் ஊதி எடுத்து நன்றாகக் காயவிட்டேன். பிறகு ஒரே ஒரு செல்லின் ஸ்டிக்கரை உரித்து மேசையில் வைத்தேன். உடனே போட்டுவிடக்கூடாது. காற்று உள்ளே போக இரண்டு மூன்று நிமிடம் விட்டால்தான் முழு வோல்டேஜுக்கு வரும். அந்த மூன்று நிமிடமும் நாங்கள் நாலு பேரும் அந்தச் சின்ன வெள்ளி வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாட்டியதும் அத்தை தலையை மெதுவாகத் திருப்பினார். "யாரு, ஃபேன் போட்டது?" என்றார். ஃபேன் நாங்கள் வந்ததிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. அக்கா உள்ளே போய்விட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவரைத் தனியே கூப்பிட்டு, "நீங்க செஞ்சதுல தப்பே இல்லக்கா, அட்டையில அவ்வளவு பொடி எழுத்துல போட்டா யாருக்குத் தெரியும்" என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

உரித்துவைத்த பழைய செல்கள் மாத்திரை டப்பாவில் கிடந்தன. அதை உடனே மாற்றினோம். பட்டன் செல் பார்க்க மாத்திரை போலவே இருக்கும், வயதானவர்கள் தவறுதலாக விழுங்கிவிடுவதுண்டு, குழந்தைகளுக்கு இன்னும் ஆபத்து. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன்: ஒவ்வொன்றாக உரிக்கவும்; மூன்று நிமிடம் கழித்துப் போடவும்; இரவில் செல் கதவைத் திறந்து வைக்கவும். இரவில் திறந்து வைத்தால் செல்லும் மிச்சம், உள்ளே சேர்ந்த வியர்வை ஈரமும் காயும். காதில் அழுக்கு அடைந்திருக்கிறதா என்று டாக்டரிடம் ஒருமுறை காட்ட அத்தானிடம் சொன்னேன். மெஷினை மட்டும் சரிசெய்துவிட்டு அதை விட்டுவிட முடியாது.

போன் பிடிப்பதையும் மாற்ற வேண்டியிருந்தது. அத்தை போனைக் காதுத் துளையில் அழுத்துவார். இந்த வகை மெஷினுக்கு மைக் காதுக்கு மேலே, பின்பக்கம் இருக்கிறது, போனைச் சற்று மேலே தூக்கி மைக் பக்கம் காட்ட வேண்டும். மகள் மொட்டை மாடிக்குப் போய் போன் செய்தாள். நாலாவது முயற்சியில் சரியான இடம் கிடைத்தது. "பாட்டி, நான் எங்க இருக்கேன் சொல்லுங்க?" "மேல காத்து அடிக்குது, மாடியில இருக்கே!"

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் அத்தைதான் பேசினார். பெரியப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம், சொட்டு மருந்து விடத் துணைக்கு ஆள் இல்லாமல் சிரமப்படுகிறார். சித்தி மகள் வேலை மாறிவிட்டாள். மாமா வீட்டில் எல்லோரும் இடம் மாறி இரண்டு மாதமாகிறது, எனக்குப் புது விலாசம் தெரியாது. இவ்வளவும் காது சரியாகக் கேட்காத ஒருவருக்குத் தெரிந்திருந்தது, காது நன்றாகக் கேட்கும் எனக்குத் தெரியவில்லை. எப்படி என்று கேட்டேன். "வர்றவங்க முகத்தைப் பாத்தே கேட்டுப்பேன்" என்றார். நோட்டில் புதுப்பக்கம் திருப்பி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பெரியப்பா பெயருக்கு எதிரே "புதன் மாலை, நேரில்" என்று போட்டேன்.

இன்றோடு 19-இல் 15 முடிந்தது. வங்கியில் விலாசம் மாற்றுவது உட்பட தாள் சம்பந்தமான நாலு மட்டும் பாக்கி, அவற்றுக்கு வேலைநாள் வேண்டும். இன்று மாலை அத்தையே போன் செய்தார். கடிகாரம் ஓடுகிறதா என்று கேட்டார், போனைக் கடிகாரத்தருகே பிடித்து டிக் டிக்கைக் கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, அவர்கள் வீட்டு டார்ச் லைட்டிலும் வெள்ளையாகப் பூத்திருப்பதாகச் சொன்னார்.

"செல்ல முதல்ல கழட்டி வச்சிடுங்க அத்தை. கையுறை போட்டுக்கிட்டுத்தான் தொடணும், அக்காவைக் கழட்டச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை வர்றேன், வினிகரும் எடுத்துட்டு வர்றேன்."